காரணத்தையும் சேர்த்து நகல் எடுங்க!

லினக்ஸ் வேலைக்காக 2005-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கியது 'கிட்'. நிரலில் ஒரு திருத்தம் செய்தால், ஏன் செய்தோம்னு குறிப்பும் எழுதி இதில் சேமிக்கலாம். அதே திருத்தம் பழைய பதிப்புக்கும் வேணும்னா? வரிகளை மட்டும் நகலெடுத்து ஒட்டினால் குறிப்பு போயிடும். பின்னாடி வர்றவர், "இந்த வரி எதுக்கு?"ன்னு அழிச்சிட்டா பழைய பிழை மறுபடி வந்துடும்!

'கிட் செர்ரி-பிக்' என்று கட்டளை கொடுத்தால் குறிப்பும், எழுதியவர் பெயரும் கூடவே வரும். (வேணுங்கிற பழத்தை மட்டும் பொறுக்குற மாதிரி. செர்ரியை நான் கேக் மேலேதான் பார்த்திருக்கேன்!) கூட 'மைனஸ் எக்ஸ்' சேர்த்தால், மூலத் திருத்தத்தின் அடையாள எண்ணும் குறிப்பின் அடியில் பதிவாகும். லினக்ஸின் நிலைப் பதிப்புகளுக்குத் திருத்தம் போகும்போதும் இந்த எண்ணைக் குறிப்பிலே எழுதுறாங்க.