மழைத்தண்ணியை போருக்குள் விட்டால் பூமி ஆடுமா?

அம்பத்தூர் பக்கம் மேனாம்பேட்டில், வீட்டுக்குப் பின்னால் நாலு சென்ட்டில் கீரையும் கத்தரியும் போடுறேன். கோடை வந்தா 180 அடி போர் காத்தைத்தான் கக்கும். அதனால் போன புரட்டாசியில், மாடித் தண்ணியை வடிகட்டும் தொட்டி வழியா அந்தப் போருக்குள்ளேயே விட ஏற்பாடு செஞ்சேன். பக்கத்து வீட்டு அண்ணன் பதறிப்போய் வந்தார். "தம்பி, பூமிக்குள்ள தண்ணி விட்டுத்தான் கொரியாவுல நிலநடுக்கமே வந்துச்சாம். குழாயைக் கழட்டிடு!"

அவர் சொன்னதில் பாதி உண்மை. மீதியையும் நாம தெரிஞ்சுக்கணும்.

தென் கொரியாவின் போஹாங் நகருக்குப் பக்கத்தில், பூமிச் சூட்டிலிருந்து மின்சாரம் எடுக்க 4 கிலோமீட்டருக்கும் மேல் ஆழமாக இரண்டு கிணறுகள் துளைத்தார்கள். சூடான பாறைக்குள் தண்ணீர் ஓட விரிசல் வேண்டும். அதற்காகப் பெரிய பம்புகளால் கடும் அழுத்தத்தில் தண்ணீரைச் செலுத்தினார்கள். 2017 ஏப்ரலில் 3.2 அளவில் ஒரு அதிர்வு வந்தது. அதன் பிறகும் வேலை தொடர்ந்தது. அதே ஆண்டு நவம்பர் 15-ல் 5.4 அளவில் ஊரே குலுங்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வீட்டை விட்டு வெளியேறினார்கள். அரசு அமைத்த ஆய்வுக்குழு 2019-ல், இந்தத் திட்டம்தான் நிலநடுக்கத்தைத் தூண்டியது என்று சொன்னது. சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரிலும் 2006-ல் இதே மாதிரித் திட்டத்தால் 3.4 அளவில் அதிர்வு வந்தது. அங்கே திட்டத்தையே கைவிட்டார்கள்.

இது எப்படி நடக்குது? பூமிக்கடியில் பெரிய பாறைகள் ஒன்றையொன்று அழுத்திக்கிட்டு நகராம நிக்குது. ஒரு பாறாங்கல்லுக்கு அடியில் லாரி டியூபை வெச்சு காத்தடிச்சுப் பாருங்க. கல்லோட பாரத்தை டியூப் தாங்கும். லேசா தள்ளினாலே கல் நகரும். பாறை இடுக்கில் அழுத்தத்தோடு புகும் தண்ணீர் செய்வதும் அதுதான்.

நம்ம நாட்டிலும் பாடம் உண்டு. மகாராஷ்டிராவில் கொய்னா அணை நிரம்பிய சில ஆண்டுகளில், 1967 டிசம்பர் 11-ல் பெரிய நிலநடுக்கம் வந்து சுமார் 180 பேர் இறந்தார்கள். அங்கே பம்பு எதுவும் இல்லை. தேங்கிய தண்ணீரின் பாரமும் கீழே கசிந்த அழுத்தமும்தான் காரணம் என்கிறார்கள் நிலவியல் அறிஞர்கள்.

அப்ப நம்ம போர்? நாம தண்ணியை அழுத்தி ஏத்துறதில்லை. அது தானா இறங்குது. ஆழமும் சில நூறு அடிதான். இறைச்ச தண்ணியைத் திருப்பிக் கொடுக்கிறோம், அவ்வளவுதான். இதனால் பூமி ஆடாது. நாம பயப்பட வேண்டியது அழுக்குக்குத்தான். முதல் மழையை வெளியே விடுங்க. ஜல்லி, கரி, மணல் போட்டு வடிகட்டுங்க. சோப்புத் தண்ணி, சாக்கடை, மருந்தடிச்ச வயல் தண்ணி ஒரு சொட்டுகூட போருக்குள் போகக் கூடாது.

பூமிச்சூட்டு மின்சாரம் புகையில்லாதது. அதை வேண்டாம்னு நான் சொல்லல. லடாக்கின் பூகா பள்ளத்தாக்கில் அதற்கான முயற்சிக்கு 2021-ல் ஒப்பந்தமே போட்டாச்சு. நாளைக்கு நம்ம ஊருக்கும் வரலாம். வந்தா கிராம சபையில் கேளுங்க: எவ்வளவு ஆழம்? எவ்வளவு அழுத்தம்? சின்ன அதிர்வு வந்தா நிறுத்துறது யார்?

நான் குழாயைக் கழட்டல.