எத்தனை க்ரூப் எழுதலாம், தாயி?

தாயி, இன்டர் தேர்வில் ஒரு க்ரூப் எழுதுவதா, இரண்டையும் சேர்த்து எழுதுவதா என்று கேட்டிருக்கிறாய். சி.ஏ. படிக்க வருகிற எல்லாப் பிள்ளைகளும் இந்த இடத்தில் ஒருமுறை நின்று யோசிக்கத்தான் செய்கிறார்கள். கோவில்பட்டியில் ஆபீஸ் வைத்த நாளிலிருந்து இதைப் பார்த்து வருகிறேன். பெரியப்பாவுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

1. யாரிடமும் கேட்பதற்கு முன் விதியை நீயே படி. ஒரு க்ரூப்புக்கு மூன்று தாள், 300 மதிப்பெண். எந்தத் தாளிலும் 40-க்குக் குறையக்கூடாது, மூன்றும் சேர்ந்து 150 வேண்டும். இரண்டு க்ரூப்பையும் சேர்த்து எழுதுகிறவர்களுக்கு ஒரு சலுகை உண்டு. எல்லாத் தாளிலும் 40 இருந்து ஆறும் சேர்ந்து 300 வந்தால் இரண்டுமே பாஸ். முதல் க்ரூப்பில் 168, இரண்டாவதில் 135 என்று வைத்துக்கொள். மொத்தம் 303, தேறிவிட்டாய். அதே 135-ஐத் தனியாக எழுதி வாங்கியிருந்தால் அந்த க்ரூப்பைத் திரும்ப எழுத வேண்டியதுதான். சேர்த்து எழுது என்கிறவர்கள் இதை வைத்துத்தான் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வது உண்மை. ஆனால் ஏதாவது ஒரு தாளில் 39 வந்துவிட்டால் இந்தச் சலுகை கைகொடுக்காது. நன்றாகப் படித்த தாள், சுமாராகப் படித்த தாளைத் தாங்கும். படிக்காத தாளை எதுவும் தாங்காது.

2. உனக்கு முன்னால் படித்தவர்களின் கணக்கு அவர்கள் காலத்துக்கு உரியது. அப்போது இன்டரில் எட்டுத் தாள். ஒரு க்ரூப் தேறினாலே ஆர்டிகிள்ஷிப் என்கிற ஆபீஸ் பயிற்சியில் சேரலாம், அதனால் ஒன்றை முடித்துவிட்டு மூச்சு விட்டார்கள். 2023-இல் வந்த புதிய திட்டத்தில் தாள் ஆறாகக் குறைந்தது. இரண்டு க்ரூப்பும் தேறினால்தான் ஆர்டிகிள்ஷிப். அதுவும் மூன்று வருடம் என்பது இரண்டு வருடமாயிற்று. முன்பு ஆண்டுக்கு இரண்டு முறை நடந்த இன்டர் தேர்வு, 2024 முதல் மூன்று முறை நடக்கிறது. ஆகவே ஒரு க்ரூப்பை அடுத்த அட்டெம்ப்டுக்குத் தள்ளினால் நாலு மாதம் தாமதமாகும். ஆர்டிகிள்ஷிப்பில் வரும் ஸ்டைபண்டும் அந்த அளவுக்குத் தள்ளிப்போகும். இதை அப்பாவிடம் இப்போதே சொல்லிவிடு. பிறகு தெரிந்தால் அவர் மனசு சங்கடப்படும்.

3. எந்த மாதத்தில் எழுதப்போகிறாய் என்பதையும் சேர்த்து யோசி. புத்தகங்களில் இது இருக்காது. எப்போதும்வென்றானில் மானாவாரிக் கரிசல் வைத்திருக்கிற வீட்டில் பிறந்தவள் நீ. ஜனவரித் தேர்வு வரும்போது உளுந்தும் பாசியும் வீட்டுக்கு வந்துகொண்டிருக்கும். மே தேர்வுக்கு முந்தின மாதங்களில் வத்தலும் பருத்தியும் கிடக்கும். அம்மா வாய் திறந்து உன்னைக் கூப்பிட மாட்டாள், நீயாகவே எழுந்து போவாய். போகாதே என்று சொல்ல எனக்கு மனம் வராது. போகிற நாளையும் கணக்கில் சேர்த்துக்கொள் என்றுதான் சொல்கிறேன். செப்டம்பர்த் தேர்வு விதைப்பு மும்முரமாவதற்கு முன்பே முடிந்துவிடும். நம் பக்கத்துப் பிள்ளைகள் இரண்டு க்ரூப்பையும் சேர்த்து எழுத அதுதான் தோதான காலம் என்பது என் எண்ணம்.

4. நிலம் எவ்வளவு என்று பார்த்து விதைக்காதே, களையெடுக்க எத்தனை கை என்று பார்த்து விதை. உங்கள் தாத்தா வாழ்நாளெல்லாம் அப்படித்தான் விதைத்தார். உனக்குக் களையெடுப்பு என்றால் திருப்புதல். எட்டு மாதப் படிப்புக் காலத்தில் ஆறு தாளையும் ஒருமுறை முடிப்பது எல்லோராலும் ஆகும். இரண்டாம் முறை முழுதாகத் திருப்பிப் பார்க்க முடிகிறதா? அதை வைத்து முடிவெடு. தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது ஆறு தாளுக்கும் கடிகாரம் வைத்து மாக் டெஸ்ட் எழுது. நாலு தாளில் ஐம்பதுக்கு மேலும், மீதி இரண்டில் முப்பதை ஒட்டியும் வந்தால் இரண்டையும் எழுதலாம், அந்த இரண்டு தாளைத் தூக்கிவிட நாள் இருக்கிறது. மூன்று தாளிலோ அதற்கு மேலோ தடுமாறினால் ஒரு க்ரூப்போடு நில். தாளைத் திருத்தும்போது உனக்கு நீயே இரக்கம் காட்டாதே. அங்கே கூட்டிப் போடுகிற இரண்டு மார்க்தான் பின்னால் அழவைக்கும்.

5. 'ஒரு க்ரூப்தானா?' என்று கேட்பவர்களுக்காக இரண்டு எழுதாதே. 1933-இல் ஜி.டி.ஏ. என்கிற அரசுக் கணக்கியல் டிப்ளமோ தேர்வில் தேறி, இந்தியாவின் முதல் பெண் கணக்காளர் ஆனவர் சென்னையைச் சேர்ந்த ஆர். சிவபோகம். விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றுவந்த பெண். அவர் எத்தனை தடவையில் தேறினார் என்று இன்றுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. அதேபோல, பயத்தால் மட்டும் ஒன்றோடு நிற்கவும் செய்யாதே. தயாராக இருந்தும் தள்ளிப்போடுகிற பழக்கம் ஃபைனல் வரை கூடவே வரும்.

6. எழுத உட்கார்ந்துவிட்டால் கடைசித் தாள் வரை எழுது. என்னிடம் வந்த ஒரு பையன் இரண்டு க்ரூப்புக்கும் பணம் கட்டியவன். காஸ்டிங் தாள் கெட்டுப்போயிற்று என்று மீதி இரண்டையும் எழுதாமல் ஊருக்குப் போய்விட்டான். முடிவு வந்தபோது காஸ்டிங்கில் 44 இருந்தது. அதே தேர்வில் அவனோடு படித்த பெண்ணுக்கு 31. அவளும் காஸ்டிங் எழுதிய அன்று ராத்திரி அழுதாள், ஆனால் அடுத்த தாளுக்குப் போனாள். ஆடிட்டிங்கில் 61 வாங்கினாள். க்ரூப்பில் எல்லாத் தாளையும் எழுதியவர்களுக்கு, க்ரூப் தேறாவிட்டாலும் 60 வாங்கிய தாளுக்கு எக்ஸெம்ப்ஷன் உண்டு. அடுத்த மூன்று அட்டெம்ப்டுக்கு அந்தத் தாளைத் தொடவேண்டாம், மதிப்பெண்ணும் கூடவே வரும். இரண்டு தாளை மட்டும் படித்து அவள் அடுத்த முறையே தேறிவிட்டாள். கெட்டுப்போன தாளைப் பற்றி அன்று சாயங்காலம் யாரோடும் பேசாதே. விடைகளை ஒப்பிட்டுப் பார்க்கவும் வேண்டாம்.

7. முடிவெடுத்த பிறகு என்னிடம்கூடத் திரும்பக் கேட்காதே. அதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாக் டெஸ்ட் தாள்களை எடுத்துக்கொண்டு கோவில்பட்டிக்கு வா. மார்க் குறைந்த தாளை மேலே வைத்துக் கொண்டு வா, அதிலிருந்து பார்ப்போம்.