செகண்ட் ஷிப்ட் முடிந்து படம் பார்ப்பவருக்கு ஒரு ஹெட்போன் ஆம்ப்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை எந்த வீட்டிலும் எல்லாரும் ஒரே நேரத்தில் தூங்குவதில்லை. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், சுங்குவார்சத்திரத்தில் பாக்ஸ்கான், ஒரகடத்தில் ராயல் என்ஃபீல்ட் என்று ஆலைகள் ஷிப்டில் ஓடுகின்றன. ஒருவர் செகண்ட் ஷிப்ட் முடிந்து வீடு திரும்பும்போது, இன்னொருவர் விடிகாலை கம்பெனி பஸ்ஸுக்காக அலாரம் வைத்துப் படுத்திருப்பார். வல்லம் வடகால் சிப்காட்டில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட பணியாளர் விடுதியில் மட்டும் 18,720 படுக்கைகள். இப்படிப்பட்ட ஊரில் சவுண்ட்பார் இருந்தும் பயனில்லை. படமோ கேமோ, ஹெட்போன்தான் கதி.

ஹெட்போன் வாங்கியதும் அடுத்து வரும் யோசனை, "ஒரு ஆம்ப் போட்டால் சத்தம் தூக்கும்." பலர் ஆம்ப் வாங்குவது சத்தத்துக்காகத்தான். இங்கே இரவில் வேண்டியது அதற்கு நேர்மாறு. குறைந்த சத்தத்திலும் வசனம் தெளிவாக விழ வேண்டும், இரண்டு காதிலும் ஒரே அளவு கேட்க வேண்டும், பின்னணியில் இரைச்சல் கூடாது. கீழே உள்ள படிகளெல்லாம் இந்தத் தேவையை வைத்தே அமைந்தவை. வரிசை மாறாமல் போனால் வீண்செலவு குறையும்.

1. ஆம்ப் தேவையா என்று முதலில் பாருங்கள்

இருக்கும் ஹெட்போனைக் கன்ட்ரோலரிலோ டிவியிலோ செருகுங்கள். மெல்லிய குரலில் பேசும் காட்சி ஒன்றை ஓட விட்டு, ஃபேன் ஓடும் அறையில் கேளுங்கள். வால்யூம் மூன்றில் இரண்டு பங்குக்குள்ளேயே வசனம் வசதியாகக் கேட்டால், பின்னணியில் 'உஸ்' என்ற சத்தமும் இல்லை என்றால், ஆம்ப் தேவையில்லை. அந்தப் பணத்தை நல்ல ஹெட்போனில் போடலாம்.

ஆம்ப் வாங்க நியாயமான காரணங்கள் மூன்று: வால்யூமை முழுதாக வைத்தும் சத்தம் போதவில்லை, டிவியில் ஹெட்போன் துளையே இல்லை, இருக்கும் துளையில் இரைச்சல் வருகிறது. இன்று வீட்டுக்கு விற்கப்படும் பெரும்பாலான பெட்டிகளில் ஆம்போடு 'டாக்' என்ற பகுதியும் சேர்ந்தே வருகிறது. டிஜிட்டல் சிக்னலை ஒலி அலையாக மாற்றுவது டாக்கின் வேலை; அதை ஹெட்போனை இயக்கும் அளவுக்குப் பெருக்குவது ஆம்பின் வேலை. டிவிக்கும் கன்சோலுக்கும் இரண்டும் சேர்ந்த பெட்டியே வசதி.

2. துளைகளைக் குறித்துக்கொள்ளுங்கள்

ஆம்ப் வாங்கி ஏமாறுபவர்களில் பலர் தடுக்கி விழும் இடம் இது. டிவியைத் திருப்பி, பின்பக்கத்தைப் போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிளேஸ்டேஷன் 5: ஆப்டிகல் துளை கிடையாது. யுஎஸ்பி வழியே டாக் வேலை செய்யும். ஆனால் அது யுஎஸ்பி ஆடியோ முதல் வகுப்பில் இயங்க வேண்டும். இன்றைய டாக்குகள் பல இரண்டாம் வகுப்பில் இயங்குபவை. அதை மாற்ற சுவிட்ச் இல்லாவிட்டால் கன்சோல் அதைக் கண்டுகொள்ளாது.

பிளேஸ்டேஷன் 4: முதல் மாடலிலும் புரோவிலும் ஆப்டிகல் உண்டு, ஸ்லிம்மில் இல்லை.

எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸ், எஸ்: ஆப்டிகல் இல்லை, பொதுவான யுஎஸ்பி டாக்குகளையும் ஏற்காது. கன்ட்ரோலரின் 3.5 மி.மீ. துளை ஒரு வழி. எச்டிஎம்ஐ மூலம் டிவிக்கு அனுப்பி, டிவியின் ஆப்டிகல் துளையிலிருந்து எடுப்பது இன்னொரு வழி.

நின்டெண்டோ ஸ்விட்ச்: 3.5 மி.மீ. துளை கன்சோலிலேயே இருக்கிறது. 2017 அக்டோபரில் வந்த 4.0 மென்பொருளிலிருந்து யுஎஸ்பி ஆடியோவும் உண்டு.

படமும் கேமும் இரண்டும் ஒரே ஆம்பில் வர வேண்டுமென்றால், டிவியின் ஆப்டிகல் துளையே சிரமமில்லாத வழி. செட்டாப் பாக்ஸ், ஓடிடி, கன்சோல் எல்லாம் அந்த ஒரு கேபிளில் வந்துவிடும். ஆம்பில் இருப்பது ஆப்டிகல் 'இன்' தானா என்று மட்டும் உறுதி செய்யுங்கள். ஃபியோ கே3-யின் பின்பக்கத்தில் ஆப்டிகல் துளை இருக்கிறது, ஆனால் அது 'அவுட்'. அதே நிறுவனத்தின் கே7, கே11 மாடல்களில் 'இன்' இருக்கிறது. ஆப்டிகலே இல்லாத டிவி என்றால், எச்டிஎம்ஐ-யிலிருந்து ஒலியைப் பிரித்துத் தரும் எக்ஸ்ட்ராக்டர் பெட்டி ஒன்று சேர்த்து வாங்க வேண்டியிருக்கும்.

3. ஹெட்போனின் பசியைக் கணக்கிடுங்கள்

பெட்டியின் மேல் இரண்டு எண்கள் இருக்கும்: மின்தடை ஓமில், உணர்திறன் டெசிபலில். முதல் எண்ணை மட்டும் பார்த்து "250 ஓம், பெரிய ஆம்ப் வேணும்" என்பது அரைகுறைக் கணக்கு.

படத்துக்கு எவ்வளவு சத்தம் தேவை? நெட்ஃபிளிக்ஸ் தன் படைப்புகளில் வசனத்தின் சராசரியை முழு அளவுக்குக் கீழே சுமார் 27 டெசிபலில் வைக்கச் சொல்கிறது. அதாவது வசனம் 65 டெசிபலில் கேட்டால், வெடிகுண்டு 90 வரை எகிறலாம். ஹெட்போனுக்கு 110 டெசிபல் எட்டும் அளவு மின்சாரம் கிடைத்தால் தாராளம்.

அந்த 110-ஐ எட்ட, ஆடியோ டெக்னிகா எம்50எக்ஸுக்கு (38 ஓம், ஒரு மில்லிவாட்டுக்கு 99 டெசிபல்) சுமார் 13 மில்லிவாட், அதாவது 0.7 வோல்ட் போதும். சென்ஹைசர் எச்டி 560எஸ்ஸுக்கு (120 ஓம், ஒரு வோல்ட்டுக்கு 110 டெசிபல்) சரியாக ஒரு வோல்ட். பேயர்டைனமிக் டிடி 770 புரோவின் 250 ஓம் மாடலுக்கு (ஒரு மில்லிவாட்டுக்கு 96 டெசிபல்) 25 மில்லிவாட். மில்லிவாட் குறைவுதான், ஆனால் அதற்கு 2.5 வோல்ட் வேண்டும். கன்ட்ரோலர் துளை திணறுவது இந்த மாதிரி ஹெட்போனில்தான்.

உணர்திறனை ஒரு நிறுவனம் மில்லிவாட்டுக்கும் இன்னொன்று வோல்ட்டுக்கும் சொல்கிறது. இரண்டையும் அப்படியே ஒப்பிடக் கூடாது. 32 ஓம் ஹெட்போனில் வோல்ட் கணக்கு 15 டெசிபல் கூடுதலாகத் தெரியும். ஹெட்போன் என்னவோ அதேதான்.

இன்னும் ஹெட்போன் வாங்கவில்லை என்றால்: பகிர்ந்து தங்கும் அறைக்கு மூடிய வகைதான் சரி. எச்டி 560எஸ் போன்ற திறந்த வகையில் கேட்கும் சத்தம் வெளியேயும் கசிந்து, பக்கத்துப் படுக்கைக்காரரின் தூக்கத்தைக் கெடுக்கும்; ஃபேன் சத்தமும் உள்ளே வரும். சித்திரை வைகாசியில் தோல் உறை காதில் பிசுபிசுக்கும், வெல்வெட் போன்ற துணி உறை தேவலை.

4. ஆம்பில் பார்க்க வேண்டியவை

முதலில் அவுட்புட் மின்தடை. ஹெட்போனின் ஓமில் எட்டில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு. 32 ஓம் ஹெட்போனுக்கு 4 ஓம் வரை சரி. பழைய ஹோம் தியேட்டர் ரிசீவர்கள் பலவற்றின் ஹெட்போன் துளையில் இது மிக அதிகம். அதனால் சில ஹெட்போன்களில் பேஸ் குழைந்து போகும்.

அடுத்தது கெயின் சுவிட்ச். குறைந்தது, அதிகம் என்று இரு நிலை இருப்பது அவசியம். சத்தம் பத்தாதபோது மட்டுமே அதிக நிலைக்குப் போக வேண்டும். காதுக்குள் செருகும் இயர்போனை அதிக கெயினில் போட்டால் இரைச்சல்தான் மிஞ்சும்.

மூன்றாவது, நம் ஊர்த் தேவைக்கு முக்கியமானது: வால்யூம் திருகு. சாதாரணத் திருகுகளில் ஆரம்பப் பகுதியில் இடது, வலது சமமாக இருக்காது. குழந்தை தூங்கும் அறையில் நீங்கள் திருகை வைப்பது அந்த ஆரம்பப் பகுதியில்தான். நடுவில் நிற்கும் நாயகன் இடது பக்கம் ஒதுங்கிப் பேசுவதுபோல் கேட்கும். குறைந்த கெயின் இருந்தால் திருகை இன்னும் மேலே வைத்துக் கேட்கலாம், இந்தத் தொல்லை அகலும். டிஜிட்டல் முறையில் வால்யூமைக் கட்டுப்படுத்தும் ஆம்பில் இந்தப் பிரச்சினையே வராது.

விளம்பரத்தில் பெரிதாக அச்சிடும் "1500 மில்லிவாட்", "32 பிட் 768 கிலோஹெர்ட்ஸ்" எண்களைக் கடந்து போங்கள். மேலே கண்ட கணக்கில் 25 மில்லிவாட்டிலேயே காது நிறைந்துவிட்டது.

5. கேமுக்கு மூன்று கேள்விகள்

தாமதம்: வழக்கமான ப்ளூடூத் ஹெட்போனில் ஒலி 150 முதல் 250 மில்லி விநாடி பிந்தும். நொடிக்கு 60 ஃபிரேம் ஓடும் கேமில் 200 மில்லி விநாடி என்பது 12 ஃபிரேம். சுட்ட பிறகுதான் துப்பாக்கிச் சத்தம் வரும். பிளேஸ்டேஷன் 5-உம் எக்ஸ்பாக்ஸும் ப்ளூடூத் ஹெட்போனை நேரடியாக ஏற்பதும் இல்லை. ஒயர் ஆம்பில் இந்தச் சிக்கல் கிடையாது.

திசை: பின்னாலிருந்து வரும் காலடி பின்னால் கேட்க வேண்டுமென்றால், அந்தக் கணக்கைக் கன்சோலே போட்டு அனுப்ப வேண்டும். பிளேஸ்டேஷன் 5-இல் ஹெட்போனுக்கான 3டி ஒலி யுஎஸ்பியிலும் கன்ட்ரோலர் துளையிலும் கிடைக்கும். டிவி வழியே ஆப்டிகலில் எடுத்தால் பெரும்பாலும் வெறும் ஸ்டீரியோ. ஆகவே போட்டி கேம்தான் முக்கியம் என்பவர் யுஎஸ்பி வழியைத் தேர்ந்தெடுக்கட்டும். படம்தான் அதிகம் என்பவருக்கு ஆப்டிகல் போதும். கிரியேட்டிவ் சவுண்ட் பிளாஸ்டர்எக்ஸ் ஜி6 போன்ற சில பெட்டிகள் ஆப்டிகலில் வரும் டால்பி டிஜிட்டலைத் தாமே பிரித்து, சரவுண்ட் உணர்வைத் தரும்.

மைக்: ஆப்டிகல் ஒருவழிப் பாதை, பேச்சு திரும்பிப் போகாது. பிளேஸ்டேஷன் 5 கன்ட்ரோலரில் மைக் உள்ளேயே இருக்கிறது. எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரில் இல்லை. அதில் நண்பர்களோடு பேசி ஆடுபவருக்குக் கன்ட்ரோலர் துளையில் செருகும் ஹெட்செட்டே சரி.

6. எர்த்தும் அடாப்டரும்

மாத்தூர், படப்பைப் பக்கம் அவசரமாகக் கட்டி வாடகைக்கு விட்ட லைன் வீடுகள் சிலவற்றில் மூன்று ஓட்டை பிளக் பாயின்ட் இருக்கும், உள்ளே எர்த் ஒயர் இருக்காது. டிவியையும் ஆம்பையும் உலோக ஒயரால் இணைத்தால் 'ம்ம்ம்' என்ற முனகல் கேட்க இதுவும் ஒரு காரணம். ஆப்டிகல் கேபிளில் போவது ஒளி, மின்சாரம் இல்லை. முனகல் அந்த வழியே தாண்டி வராது. ஆம்பின் உலோக உடம்பைத் தொட்டால் சுர்ரென்று இருந்தால், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

அடாப்டரில் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் முத்திரையும், ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் பதிவெண்ணும் இருக்க வேண்டும். நோக்கியாவின் பழைய ஆலையில் இன்று சால்காம்ப் சார்ஜர் செய்யும் ஊர் இது. பெயரில்லாத அடாப்டரைச் செருக வேண்டிய அவசியம் நமக்கில்லை.

7. கடையில்

எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெரு சுமார் 40 கிலோமீட்டர் தூரம்தான். சொந்த ஹெட்போனையும் டிவியின் பின்பக்கப் படத்தையும் கையோடு எடுத்துப் போங்கள். "அண்ணே, லோ கெயின்ல போட்டு, எதுவும் ஓட்டாம வால்யூமை மட்டும் ஏத்திக் காட்டுங்க" என்று கேளுங்கள். இரைச்சல் இருந்தால் அப்போதே தெரிந்துவிடும். பிறகு ஒரே ஒருவர் பேசும் காட்சியை ஓட விட்டுத் திருகை மெல்ல இறக்குங்கள். குரல் மறையும் வரை நடுவிலேயே நின்றால் அந்த ஆம்ப் உங்களுக்கானது. ஆன்லைனில் வாங்குவதானால், திருப்பித் தரும் வசதியும் இந்தியாவில் செல்லும் வாரண்டியும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

8. வீட்டில் பொருத்துவது

ஆப்டிகல் கேபிளின் இரு முனையிலும் சின்ன பிளாஸ்டிக் மூடி இருக்கும், கழற்ற மறக்காதீர்கள். ஒரு முனையை டிவியில் செருகியதும் மறு முனையில் சிவப்பு வெளிச்சம் தெரிந்தால் டிவி சிக்னல் அனுப்புகிறது என்று பொருள். டிவியின் சவுண்ட் செட்டிங்கில் டிஜிட்டல் அவுட்புட்டை 'பிசிஎம்' என்று மாற்றுங்கள் (டால்பியைத் தானே பிரிக்கும் பெட்டி என்றால் மாற்ற வேண்டாம்). டால்பியில் விட்டால் சாதாரண டாக்கில் ஒன்றும் கேட்காது, அல்லது கரகரக்கும். "ஆம்ப் வேலை செய்யலை" என்று திரும்பக் கடைக்குப் போவதற்கு முன் இதை ஒருமுறை பாருங்கள்.

பல டிவிகளில் ஆப்டிகல் ஒலியை ரிமோட்டால் கூட்டிக் குறைக்க முடியாது. அதனால் ஆம்பை டிவியோடு ஒட்டி வைக்காமல் கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள். 5 மீட்டர் ஆப்டிகல் கேபிள் தாராளமாக வேலை செய்யும், முறித்து மடிக்காமல் சுவரோரம் இழுத்தால் போதும். கேம் ஆடும்போது டிவியை கேம் மோடில் வையுங்கள். உதட்டசைவும் குரலும் பொருந்தவில்லை என்றால் 'ஆடியோ டிலே' அமைப்பில் சரிசெய்யலாம். வசனம் கேட்காமல் சண்டை மட்டும் அலறினால், 'நைட் மோட்' இருந்தால் போட்டுப் பாருங்கள்.

9. வால்யூமை எங்கே நிறுத்துவது

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம். 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம்தான். இந்தியத் தொழிற்சாலை விதிகளிலோ 90 டெசிபலில் நாளைக்கு 8 மணி நேரம் என்பதே வரம்பு. பிரஸ் ஷாப்பிலோ கம்ப்ரஸர் பக்கத்திலோ நின்று வந்த காது, அன்றைய பங்கை ஏற்கெனவே வாங்கிவிட்டது. சத்தத்தில் நின்றுவந்த காது சில மணி நேரம் மந்தமாக இருக்கும். அந்த மந்தத்தில் வைக்கும் வால்யூம் எப்போதுமே கூடுதலாகத்தான் இருக்கும். நல்ல ஆம்ப் கையில் இருந்தால் இன்னும் எளிதாகக் கூடும்.

எனவே வாராந்திர லீவு நாளில், நன்றாகத் தூங்கி எழுந்தபின், வசனம் வசதியாகக் கேட்கும் இடத்தைத் திருகில் கண்டுபிடித்து மார்க்கரால் ஒரு புள்ளி வையுங்கள். ஷிப்ட் முடிந்து வந்த இரவில் அது பத்தாது என்று தோன்றும். அப்போதும் புள்ளியைத் தாண்ட வேண்டாம். வேலையிடத்தில் காதடைப்பைப் போடுபவருக்கு அந்தப் புள்ளியே போதுமானதாக இருக்கும்.