கார் ஊரில் பஸ்ஸை நம்பி ஒரு குடித்தனம்

அமெரிக்காவில் ஹூஸ்டனுக்குக் குடிவரும் தமிழ்க் குடும்பத்துக்கு முதல் வாரத்திலேயே கிடைக்கும் புத்திமதி, "சீக்கிரம் ஆளுக்கொரு கார் வாங்கிடுங்க" என்பதுதான். சொல்பவர்கள் மேல் தப்பில்லை. பரப்பில் சென்னை மாநகராட்சியைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு இந்த ஊர். மக்களோ சென்னையில் இருப்பவர்களில் மூன்றில் ஒரு பங்குதான். வீடு ஒரு மூலை, கடை ஒரு மூலை, நடுவில் நெடுஞ்சாலை. கேட்டி ஃப்ரீவேயில் ஓரிடத்தில் பக்கச் சாலைகளையும் சேர்த்து எண்ணினால் 26 தடம் வரும்.

நான் வலிப்புக்கு மருந்து சாப்பிடுகிறவள். கார் ஓட்டவே கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். கணவர் காரை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போன பிறகு காய்கறி, மருத்துவர், நூலகம், மகளின் பள்ளிக்கூடம் எல்லாம் ஆறு வருஷமாக எனக்கு மெட்ரோ பஸ்ஸில்தான். (இங்கே மெட்ரோ என்றால் பஸ், ரயில் இரண்டையும் நடத்தும் அமைப்பு.) லைசென்ஸ் இன்னும் வாங்காதவர்கள், ஒரே கார் உள்ள வீட்டில் பகலெல்லாம் தனியாக இருப்பவர்கள், பிள்ளைகளைப் பார்க்க வந்திருக்கும் பெற்றோர் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன்.

1. வீடு பார்ப்பதற்கு முன்னால் பஸ்ஸைப் பாருங்கள். வாடகை, சமையலறை, பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் விசாரிக்கிறோம். இதை மட்டும் விட்டுவிடுகிறோம். மெட்ரோ வரைபடத்தில் பஸ் தடங்களுக்கு மூன்று நிறம். சிவப்பு என்றால் பகலில் 15 நிமிடத்துக்குள் ஒரு பஸ். நீலம் என்றால் 16 முதல் 30 நிமிடம். பச்சை என்றால் 31 முதல் 60 நிமிடம். நாங்கள் முதலில் எடுத்த வீட்டிலிருந்து நிறுத்தத்துக்கு நாலே நிமிட நடை. "வாசல்லயே பஸ்" என்று அம்மாவிடம் போனில் சந்தோஷமாகச் சொன்னேன். அது பச்சைத் தடம் என்பது குடிபோன பிறகுதான் உறைத்தது. ஒன்றைத் தவறவிட்டால் ஒரு மணி நேரம் போச்சு. பால் வாங்கப் போனாலே பாதி நாள் கரைந்தது. ஒப்பந்தம் முடிந்ததும் சிவப்புத் தடத்துக்குப் பக்கத்தில் வீடு மாற்றினோம். இப்போது நிறுத்தத்துக்கு 12 நிமிடம் நடக்க வேண்டும், ஆனால் நேரம் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புகிறேன். கால்வலிக்கும் காத்திருப்புக்கும் நடுவில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால், நான் கால்வலி பக்கம்.

2. முகவரியில் "ஹூஸ்டன் பக்கம்" என்று இருந்தால் போதாது. ஷுகர்லாண்ட், பியர்லாண்ட் இரண்டும் நம்மவர்கள் நிறையப் பேர் வாழும் ஊர்கள், நல்ல ஊர்கள். ஆனால் மெட்ரோவில் அவை உறுப்பினர் இல்லை. மெட்ரோவை நடத்துவதில் பெரும்பங்கு உறுப்பு நகரங்களில் பிரிக்கும் ஒரு சதவீத விற்பனை வரி. அதில் சேராத ஊருக்குள் சாதாரண டவுன் பஸ்ஸை எதிர்பார்க்க முடியாது. அங்கே வீடு வாங்குகிறவர்கள், கார் ஓட்ட முடியாத ஒருவர் வீட்டில் இருந்தால், அவரையும் உட்காரவைத்துப் பேசிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

3. வரைபடத்தைக் கட்டம் கட்டமாகப் பாருங்கள். 2015 ஆகஸ்ட் 16ஆம் தேதி, ஒரே இரவில், இந்த ஊர் பஸ் தடங்கள் மொத்தத்தையும் மாற்றினார்கள். அதற்கு முன் பெரும்பாலான தடங்கள் டவுன்டவுனை நோக்கியே போகும். இப்போது தெற்கு வடக்காகச் சில, கிழக்கு மேற்காகச் சில என்று குறுக்கும் நெடுக்கும் ஓடுகின்றன. சிவப்புத் தடங்கள் சனி, ஞாயிறுகளிலும் அதே போல அடிக்கடி வரும். எங்கே போகவேண்டுமானாலும், இரண்டு சிவப்புத் தடங்கள் எந்தச் சிக்னலில் வெட்டிக்கொள்கின்றன என்று முதலில் தேடுங்கள். மாறாமலே சுற்றி வளைத்துக் கொண்டுபோகும் ஒரு பச்சை பஸ்ஸைவிட, இடையில் ஒருமுறை மாறிப் போகும் இரண்டு சிவப்பு பஸ்கள் பெரும்பாலும் சீக்கிரம் சேர்க்கும். 82ஆம் எண் வெஸ்ட்ஹைமர் பஸ்ஸைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். ஊரிலேயே அதிகம் பேர் ஏறும் தடம் அது.

4. உள்ளூர் பஸ்ஸுக்கு 1.25 டாலர். கார்டிலோ கைபேசிச் செயலியிலோ செலுத்தினால் 3 மணி நேரத்துக்கு எந்தத் திசையிலும் மாறி ஏறலாம், ரயில் உட்பட. அதனால் சின்ன வேலை என்றால் போனது, வாங்கியது, திரும்பியது எல்லாமே ஒரே கட்டணத்தில் முடியும். நான் அரைக் கீரைக்கட்டு வாங்கக்கூடத் தயங்குவதில்லை. ரொக்கம் போட்டால் மீதிச் சில்லறை வராது, சரியாக எண்ணிப் போடவேண்டும்.

5. போகிற பஸ்ஸைப் பார்க்கும் முன் வருகிற பஸ்ஸைப் பாருங்கள். முக்கியமாக, கடைசி பஸ் எப்போது என்று. அதைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் எழுதி ஒட்டிவைத்திருக்கிறேன், மகள் படிக்கிற மாதிரி பெரிய எழுத்தில்.

6. மருத்துவரிடம் நேரம் வாங்கும்போது காலை எட்டு மணியை ஒத்துக்கொள்ளாதீர்கள். பத்தரை, பதினொன்று கேளுங்கள், கேட்டால் தருவார்கள். அதோடு, சரியாகக் கொண்டுபோய்ச் சேர்க்கிற பஸ்ஸை விட்டு அதற்கு முந்தின பஸ்ஸில் ஏறுங்கள். ஒரு மருத்துவமனையில் 20 நிமிடம் தாமதமாகப் போனதற்கு, இரண்டு மாதம் காத்திருந்து வாங்கிய நேரத்தை ரத்து செய்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். கார் இல்லாதவளின் தாமதத்தை யாரும் தாமதமாகப் பார்ப்பதில்லை, அலட்சியமாகத்தான் பார்க்கிறார்கள். அன்று வாசல் பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். இப்போது நேரம் வாங்கும்போதே "நான் பஸ்ஸில் வருகிறேன், எத்தனை நிமிடம் வரை பொறுப்பீர்கள்" என்று கேட்டுக் குறித்துக்கொள்கிறேன்.

7. வெயிலுக்கு: மே முதல் செப்டம்பர் வரை வெயில் சுடும், காற்றில் ஈரமும் கூடவே இருக்கும், சென்னைக்காரர்களுக்குப் புதிதில்லை. புதிது என்னவென்றால், பல நிறுத்தங்களில் ஒரு கம்பமும் பலகையும் தவிர வேறொன்றும் கிடையாது. புல்தரையில் நடப்பட்ட கம்பம். ஓரிடத்தில் நடைபாதைகூட இருக்காது. குடையைத் தண்ணீர் பாட்டிலைப் போல எப்போதும் பையில் வைத்திருங்கள். நிறுத்தப் பலகையில் ஓர் எண் இருக்கும். அதைச் செயலியில் போட்டால் அடுத்த பஸ் எத்தனை நிமிடத்தில் என்று தெரியும். பஸ் நாலு நிமிடத்தில் என்று வரும்வரை பக்கத்து மரத்தடியிலோ கடைவாசல் நிழலிலோ நில்லுங்கள். கம்பத்துக்கு நேரே நின்று காயவேண்டிய அவசியமில்லை. ஆனால் பஸ் வரும்போது கம்பத்தருகே இருந்து கையைக் காட்டுங்கள்.

டவுன்டவுனில் பஸ் மாறுகிறவர்களுக்கு இன்னொரு வழி. தரைக்குக் கீழே சுமார் 20 அடியில், கட்டடங்களை இணைத்து 6 மைலுக்கும் மேல் நீளும் சுரங்க நடைபாதை இருக்கிறது. முழுக்கக் குளிரூட்டியது, உள்ளே சாப்பாட்டுக் கடைகள் உண்டு. வேலை நாட்களில் அலுவலக நேரத்தில் மட்டும் திறந்திருக்கும்.

8. மளிகைக்கு: அரிசி மூட்டை, எண்ணெய், பருப்பு போன்ற கனமானவற்றை மாதம் ஒருமுறை, கார் கிடைக்கும் நாளில் வாங்கிவிடுங்கள். பஸ்ஸில் வாங்கவேண்டியது காய்கறி, பால், தயிர் மட்டும். மடக்கும் இரண்டு சக்கரத் தள்ளுவண்டி ஒன்று வாங்குங்கள். சக்கரம் பெரிதாக இருக்கட்டும். சின்னச் சக்கரம் நடைபாதை வெடிப்பில் சிக்கி, முதல் வாரமே அச்சு வளைந்துவிடும். என்னுடையது வளைந்தது. அடியில் பூசணி, உருளை, மேலே தக்காளி, கறிவேப்பிலையை ஈரத் துணியில் சுற்றிக் கைப்பையில். துருவிய உறைதேங்காயைக் கடையிலிருந்து வெறும் நெகிழிப்பையில் கொண்டுவந்தால் வீடு சேரும்போது பாலாக ஒழுகும். குளிர் தாங்கும் பையில் போட்டு, பக்கத்தில் உறைபட்டாணி ஒரு பொட்டலம் வைத்தால் இரண்டுமே கெட்டியாக வந்து சேரும். இந்தியச் சாமான்களுக்கு ஹில்கிராஃப்ட் சாலை. மகாத்மா காந்தி வட்டாரம் என்று பெயர் சூட்டியிருப்பது அந்தப் பகுதிக்குத்தான். 47ஆம் எண் பஸ் அந்தச் சாலையிலேயே போகும்.

9. சாலையைக் கடப்பதுதான் இந்த எல்லாவற்றிலும் ஆபத்தானது. வண்டிகள் வலப்பக்கம் போகும் ஊர். பழக்கதோஷத்தில் நாம் முதலில் வலப்பக்கம் பார்ப்போம். வண்டி இடப்பக்கத்திலிருந்து வரும். ஆறு தடம், எட்டுத் தடச் சாலைக்கு எதிர்ப்புறம் நிறுத்தம் இருக்கும், பஸ்ஸும் கண்ணுக்குத் தெரியும், ஓடிப் பிடித்துவிடலாம் என்று தோன்றும். ஓடாதீர்கள். அந்த பஸ் போகட்டும். சிக்னல் ஐந்து நிமிடம் தள்ளி இருந்தாலும் நடந்துபோய், கம்பத்துப் பொத்தானை அழுத்தி, நடக்கும் ஆள் உருவம் எரிந்த பிறகும் திரும்புகிற வண்டிகளைப் பார்த்தே இறங்குங்கள். குழந்தையின் கையை அல்ல, மணிக்கட்டைப் பிடியுங்கள். இருட்டிய பிறகு வெளிர் நிறத்தில் ஒரு மேல்துணி அணிந்துகொள்ளுங்கள். நிறுத்தத்தில் நிற்கும்போது கைபேசி விளக்கைத் தரையை நோக்கிப் பிடித்தால் ஓட்டுநருக்கு ஆள் இருப்பது தெரியும்.

10. நடத்துனர் கிடையாது, விசில் கிடையாது. இறங்குமிடத்துக்கு முந்தின நிறுத்தம் தாண்டியதும் ஜன்னலோரக் கயிற்றை இழுங்கள்.

11. சைக்கிள் ஓட்டத் தெரிந்தால் பச்சைத் தடத்துக்காரர்களுக்கும் வழியுண்டு. பஸ்ஸின் முன்பக்கத்தில் இரண்டு சைக்கிள் மாட்டும் தாங்கி இருக்கிறது. வீட்டிலிருந்து சிவப்புத் தடம் வரை சைக்கிள், பிறகு பஸ். தாங்கியை இறக்கி மாட்ட முதல் தடவை நேரமாகும், கூச்சப்படவேண்டாம், ஓட்டுநர் காத்திருப்பார்.

12. ஒரே கார் உள்ள புறநகர் வீடுகளுக்கு பார்க் அண்ட் ரைடு. காரை இலவசமாக நிறுத்திவிட்டு, தனித் தடத்தில் டவுன்டவுனுக்குப் போகும் சொகுசு பஸ். தூரத்தைப் பொறுத்து 2 டாலரிலிருந்து 4.50 வரை. கணவரை அங்கே இறக்கிவிட்டு, கார் ஓட்டத் தெரிந்த மனைவி வண்டியைப் பகலுக்கு வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது கார் வாங்கும் செலவு தள்ளிப்போகும். இவை பெரும்பாலும் வேலை நாட்களில் காலை, மாலைக்கான பஸ்கள். மதியத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று போன் வந்தால் எப்படித் திரும்புவது என்று முன்பே யோசித்துவையுங்கள்.

13. பஸ் போகாத இடத்துக்கு உதவி கேட்பதில் வெட்கம் வேண்டாம், ஆனால் கேட்கும் விதம் இருக்கிறது. பியர்லாண்டில் இருக்கும் மீனாட்சி கோயிலுக்குப் போக எனக்கு யாராவது அழைத்துப்போனால்தான் உண்டு. முன்பெல்லாம் "வீட்டுக்கு வந்து கூட்டிட்டுப் போறீங்களா அக்கா" என்று கேட்பேன். அவர்களுக்கு அரைமணி நேரம் சுற்று. இரண்டு மூன்று தடவைக்கு மேல் கேட்க மனம் வராது. இப்போது, "நீங்க எந்த வழியா போறீங்க? அந்த வழியில இருக்கிற நிறுத்தத்துக்கு நான் பஸ்ல வந்து நிக்கறேன்" என்கிறேன். அவர்கள் திரும்பவேண்டியதில்லை, வண்டியை ஓரங்கட்டினால் போதும். அதன் பிறகு அவர்களே வெள்ளிக்கிழமை காலையில் போன் செய்து, "வரியாம்மா?" என்று கேட்கிறார்கள். போகும்போது ஒரு டப்பா புளிக்காய்ச்சல் எடுத்துப்போவேன்.

14. புயல் மாதங்களில், ஜூன் முதல் நவம்பர் வரை, மருந்தும் அரிசியும் இரண்டு வாரத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் வந்தபோது பஸ், ரயில் எல்லாம் நின்றன. சாதாரண அடைமழைக்கே சாலைகளில் தண்ணீர் ஏறும், பஸ் வேறு வழியாகச் சுற்றிப்போகும். கிளம்பும் முன் செயலியில் அறிவிப்பைப் பாருங்கள்.

15. ஊரிலிருந்து வந்த பெரியவர்களை பஸ்ஸில் ஏற்றுங்கள். என் மாமனாருக்கு 72 வயது. கும்பகோணத்தில் தினமும் டவுன் பஸ்ஸில் மார்க்கெட்டுக்குப் போய்வந்த மனிதர் இங்கே வந்து மூன்று வாரம் ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தார். சனிக்கிழமை மகன் காரில் அழைத்துப்போனால் வெளியே, இல்லையென்றால் வீடு. நடையே தளர்ந்துவிட்டது. 70 வயது ஆனவர்களுக்கு இங்கே பஸ்ஸில் கட்டணமே இல்லை. 65 முதல் 69 வரை ஏறக்குறைய பாதிக் கட்டணம். வயதைக் காட்டும் ஆவணத்தோடு போய் அதற்கான கார்டை வாங்கவேண்டும். வாங்கிக் கொடுத்துவிட்டு, இரண்டு தடவை நூலகத்துக்குக் கூடவே போனேன். மூன்றாம் தடவை நிறுத்தத்திலேயே என்னை நிற்கவைத்துவிட்டு, "நீ வீட்டுக்குப் போம்மா, சமையல் கெடக்கு" என்று அவர் மட்டும் ஏறிப்போனார். அந்த இரண்டரை மணி நேரம் நான் சமைக்கவில்லை, வாசலில்தான் நின்றேன். அவர் மடித்த செய்தித்தாளோடு, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்த மெக்சிகோக்காரர் தன் பேரனின் படத்தைக் காட்டியதைச் சொல்லிக்கொண்டே வந்தார்.

அவர் சட்டைப்பையில் நான் வைக்கும் சீட்டில் எங்கள் முகவரி, இரண்டு தொலைபேசி எண்கள், பஸ் எண் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும். பின்பக்கத்தில் இரண்டு பெயர்களைத் தமிழில் எழுதியிருக்கிறேன்: இறங்கவேண்டிய நிறுத்தம், அதற்கு முந்தின நிறுத்தம். முந்தினதன் பெயர் ஒலிபெருக்கியில் கேட்டால்தானே எழுந்து கயிற்றை இழுக்க நேரமிருக்கும்.