அவனையும் அழைத்துக்கொண்டு வா

சிதம்பரம்

அன்புள்ள கண்ணுவுக்கு,

அத்தை எழுதுவது. ஆனித் தேருக்கு நீங்கள் மூன்று பேரும் வருகிறீர்கள், சின்னவனை உன் மாமியாரிடம் கடலூரிலேயே விட்டுவிட்டு வரப்போகிறாய் என்று போனில் சொன்னாய். "எல்லாரும் ஒரு மாதிரி பாப்பாங்க அத்தை" என்றாய். போனில் பேசினால் இரண்டு பேருக்கும் அழுகை வந்துவிடும் என்பதால் எழுதுகிறேன். அவனையும் அழைத்துக்கொண்டு வா.

பார்க்கத்தான் செய்வார்கள். முதல் வருஷம் உற்றுப் பார்க்கிறவர்களே அடுத்த வருஷம் "பையன் நல்லா வளந்துட்டானே" என்பார்கள். சிறப்பாசிரியராக வீடு வீடாகப் போன காலத்தில் இதை எத்தனையோ தெருக்களில் கண்டிருக்கிறேன். வீட்டுக்குள்ளேயே வளர்ந்த பிள்ளையைத் தெருவுக்குத் தெரியாது. தெருவோடு வளர்ந்த பிள்ளை வழி தவறினால் பூக்கார அம்மா கையைப் பிடித்துக் கொண்டுவந்து விடுவார். நீயும் மாப்பிள்ளையும் இல்லாத காலத்திலும் அவனுக்கு ஆள் வேண்டும். அந்த ஆட்களை இப்போதிருந்தே சேர்த்து வை.

கிரகணத்தில் வெளியே போனாயா, யார் வீட்டுச் சாபம் என்று கேட்கிறவர்களுக்கு நீ பதில் சொல்ல வேண்டியதே இல்லை. சின்னவனுக்கு இருப்பது டவுன் சிண்ட்ரோம்: 21ஆவது குரோமோசோம் இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் மூன்று இருக்கிறது, அவ்வளவுதான். 1959இல் பிரான்சில் லெஜுன் குழுவினர் இதைக் கண்டறிந்து சொல்லிவிட்டார்கள். பெரும்பாலும் கரு உண்டாவதற்கு முன்பே, முட்டையோ விந்தணுவோ உருவாகும்போது தற்செயலாக நேர்வது. நீ சாப்பிட்டதோ நடந்ததோ காரணம் இல்லை. 21 மூன்று முறை வருவதால்தான் மூன்றாம் மாதம் 21ஆம் தேதியை உலக டவுன் சிண்ட்ரோம் நாளாக ஐ.நா. சபை 2012 முதல் கடைப்பிடிக்கிறது.

உன் மாமியார் அவனைத் தெய்வக் குழந்தை என்கிறார். பாசத்தில்தான் சொல்கிறார். ஆனாலும் தெய்வம் என்று சொல்லிச் சொல்லியே சோறு ஊட்டி, சட்டை மாட்டி, அவனை ஒன்றும் செய்யவிடாமல் வைத்திருக்கிறார். சட்டைப் பொத்தானை இப்படிக் கற்றுக்கொடு: எல்லாப் பொத்தானையும் நீயே போட்டுவிட்டு, கடைசிப் பொத்தானைத் துளையில் பாதி நுழைத்துவிடு. மீதியை அவன் இழுக்கட்டும். முடித்தது அவன்தான் என்ற சந்தோஷம் அவனுக்குக் கிடைக்கும். அது கைவந்ததும் முழுப் பொத்தானையும் அவனிடம் விடு, பிறகு அதற்கு முந்தியது. தசை தளர்வாக இருப்பதால் விரல் சீக்கிரம் களைக்கும்; நாள் ஆகும். சில்வர் பீச்சுக்குப் போனால் சுண்டல்காரருக்குக் காசை அவன் கையால் கொடுக்கச் சொல். பேச்சு தெளியும்வரை 'தா', 'போதும்' என்பதற்குச் சைகையும் சேர்த்துப் பழக்கு. சைகை பேச்சைக் கெடுக்காது, இழுத்துக்கொண்டு வரும். காதால் கேட்பதைவிடக் கண்ணால் பார்ப்பது இவனைப் போன்ற பிள்ளைகளுக்கு நன்றாகப் பதியும். படத்தோடு முழுச் சொல்லாக எழுதிக் காட்டு.

பள்ளிக்கூடம் பக்கத்துப் பள்ளிக்கூடமாகவே இருக்கட்டும். அக்கா படிக்கிற இடத்தில் தம்பியைச் சேர்க்க மாட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் உன் பக்கம் இருக்கிறது. வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியரையும் இயன்முறை மருத்துவரையும் பார்த்துப் பேசு. கடலூரில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போய் அடையாள அட்டைக்கும் மாத உதவித்தொகைக்கும் மனுக் கொடு. 'நிராமயா' காப்பீட்டில் வருஷத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவுக்குக் கிடைக்கும். இதையெல்லாம் வாங்குவதில் கூச்சம் வேண்டாம்.

இதயத்தில் குறை இல்லை என்று எக்கோ எடுத்துப் பார்த்தாயிற்று. பெரிய ஆறுதல், இவனைப் போன்ற குழந்தைகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அந்தக் குறை இருக்கும். தைராய்டு, காது, கண் மூன்றையும் வருஷா வருஷம் விடாதே. குட்டிக்கரணம் மட்டும் போடவிடாதே, கழுத்தெலும்பு மூட்டு தளர்வாக இருக்கலாம். நடை மாறினாலோ கழுத்து வலித்தாலோ உடனே டாக்டரிடம் காட்டு. அமெரிக்காவில் 1983இல் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களின் சராசரி ஆயுள் 25 வயது, இப்போது அறுபதை ஒட்டி வந்துவிட்டது. இதய ஆபரேஷனும், காப்பகத்தில் தள்ளாமல் வீட்டில் வளர்த்ததும் செய்த வேலை அது. ஆகவே அறுபது வயது மனிதனுக்குத் திட்டமிடு, நான்கு வயதுப் பிள்ளைக்கு அல்ல.

இவனைப் போலவே டவுன் சிண்ட்ரோம் உள்ள கோழிக்கோட்டுக் கோபிகிருஷ்ணன் வர்மா 2021இல் வந்த 'திரிகே' என்ற மலையாளப் படத்தில் முக்கிய வேடத்தில் நடித்தார். அதே நிலையில் உள்ள அதிதி வர்மா நவி மும்பையில் சொந்தமாகச் சாப்பாட்டுக் கடை நடத்தினார். சென்னையில் சுரேகா ராமச்சந்திரன் அதே நிலையில் பிறந்த தன் மகளுக்காகப் படிக்க ஆரம்பித்து, மற்ற பெற்றோரையும் சேர்த்து ஒரு அமைப்பையே கட்டினார். சின்னவன் நடிகனாக வேண்டியதில்லை. நம் ஊர்க் கடையில் முந்திரி பாக்கெட் போட்டுச் சம்பளம் வாங்கினாலும் எனக்கு அதே பெருமைதான்.

பெரியவளைப் பற்றி ஒன்று. "நீதான் கடைசிவரை தம்பியப் பாத்துக்கணும்" என்று ஒன்பது வயதுப் பிள்ளையிடம் சொல்லாதே. அவள் அக்காவாக இருக்கட்டும், சண்டை போடட்டும், அவன் பொம்மையைப் பிடுங்கட்டும். பதினெட்டு வயதுக்குப் பிறகு காப்பாளர் தேவைப்பட்டால் அதற்கு 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டம் இருக்கிறது, கலெக்டர் தலைமையில் குழு இருக்கிறது. அந்த ஏற்பாடு பெரியவர்களான நம் வேலை. வாரத்தில் ஒரு சாயங்காலம் அவளோடு மட்டும் வெளியே போ. அந்த நேரம் சின்னவனை மாப்பிள்ளை பார்த்துக்கொள்ளட்டும்.

அன்புடன்,
அத்தை