புழைக்கடைத் தளவரிசை

கல்லை நிலத்தின்மேல் நெருங்கப் பரப்பி இடுதலைப் 'பாவுதல்' என்பது தமிழ் வழக்கு. நெசவிலே நெடுக ஓடும் நூலுக்கும் பாவு என்பதே பெயர். தனிநூல் ஆடையாகாதவாறே தனிக்கல்லும் தளமாகாது; ஒன்றையொன்று பற்றி நிற்றலே இரண்டற்கும் வலிமையாம். இல்லத்தின் புழைக்கடையில் தளம் பாவும் முறையினையும், அதனை இல்லத்தாரே கூடிச் செய்தலின் பயனையும் ஈண்டு ஒருவாறு ஆராய்வாம்.

தளத்திற்குப் பெரும்பகை தேங்கும் நீரே. ஸ்காத்லாந்து நாட்டு மெக்காடம் (1756–1836) என்பார், பாரத்தைத் தாங்குவது இயற்கை நிலமே என்றும், அது நனையாதிருக்குமளவும் தளராது என்றும் கண்டு, நீர் வடியுமாறு சாலைகளை உயர்த்தி அமைத்தனர். சாலைக்குரிய இவ்விதி சிறு முற்றத்திற்கும் உரியதே.

12 அடி நீளமும் 10 அடி அகலமும் உள்ள ஓரிடத்தைக் கொள்வோம். முளையடித்துக் கயிறு கட்டுக. மூலையினின்று ஒரு கயிற்றில் 3 அடியும் மற்றதில் 4 அடியும் அளந்து குறித்தால், குறிகளுக்கிடையே 5 அடி இருப்பின் அது நேர்மூலையாம். பின்னர் 7 அங்குலம் அகழ்ந்து, நிலத்தைத் திமிசுக்கட்டையால் இடித்து இறுக்குக. சுவரினின்று அடிக்குக் கால் அங்குலம் வீதம், 10 அடிக்கு இரண்டரை அங்குலம், தாழ்வு வேண்டும். இத்தாழ்வை அகழும்பொழுதே அமைத்தல் முறை.

அதன்மேல், இறுகியபின் 4 அங்குலம் நிற்குமாறு, சரளையை இரண்டு அடுக்காக இட்டு, ஒவ்வோரடுக்கையும் நீர் தெளித்து இடித்தல் வேண்டும். ஒருங்கே கொட்டி இடிப்பின் மேற்பகுதி இறுகுமேயன்றி அடிப்பகுதி இறுகாது. கரிசல் நிலம் நனைந்தால் வீங்கும், காய்ந்தால் வெடிக்கும். ஆதலின் ஆங்குச் சரளை இன்னும் மிகுதியாக வேண்டும். சரளைமேல் 1 அங்குல மணலே கல்லுக்குப் படுக்கை. பள்ளத்தை மணலால் நிரப்புதல் கூடாது. காலடி பட்டவிடத்து அஃது ஒதுங்கும்.

8 அங்குல நீளமும், 4 அங்குல அகலமும், இரண்டரை அங்குலக் கனமும் உள்ள கல்லாயின் 540 வேண்டும். உடைவதற்கெனச் சில மிகையாகக் கொள்க. அடுத்தடுத்த வரிசைகளின் இடுக்குகள் நேர்நேராக வாராதபடி பாவுக. விளிம்பிலே செங்கற்களைக் குத்தாக நிறுத்திச் சிமெண்டுக் கலவையாற் கட்டுக. விளிம்பு நெகிழின் உட்கற்களும் விலகும். இறுதியில் உலர்ந்த நுண்மணலைத் துடைப்பத்தால் இடுக்குகளிற் செலுத்துக. கல்லைக் கல்லொடு பூட்டுவது இதுவே. மழைநீரில் ஒரு பகுதியை நிலத்துள் இறங்கவிடுவதும் இதுவே. 2003-ஆம் ஆண்டில் மழைநீர்ச் சேமிப்பைக் கட்டாயமாக்கிய நம் தமிழ்நாட்டில் இப்பயன் சிறிதன்று.

எம் இல்லத்தில் முன்னர்க் கூலிக்கு இடப்பட்ட தளம் ஒரே மாரியிற் பள்ளங்கொண்டது. ஆங்குப் படர்ந்த பாசியில் எம் பாட்டியார் வழுக்கி வீழ்ந்து இரு திங்கள் படுக்கையிற் கிடந்தனர். கற்களைப் பெயர்த்து நோக்கின், கீழே சரளையே இல்லை. தளர்ந்த மண்ணே இருந்தது. அக்கற்களையே கொண்டு நாங்கள் மீண்டும் பாவினோம். தந்தையார் கயிறும் ரசமட்டமும் பார்த்தனர். தமையனாரும் யானும் அகழ்ந்து இடித்தோம். அன்னையார் கிணற்றடிக்குச் செல்லும் வழியை நோக்கித் தளத்தின் எல்லையை வரையறுத்தனர். இளையோர் கல் எடுத்துத் தந்தனர். பாட்டியார் நாற்காலியில் இருந்தவாறே, வேம்பின் அடியை மூடாது மண்ணாகவே விடுமாறு பணித்தனர். வேருக்கு நீர் வேண்டுமன்றோ? நான்கு சனிக்கிழமைகளில் வேலை முற்றியது.

கூலிக்குச் செய்வார் அனைவரும் குறைபடச் செய்வர் என்பது எம் கருத்தன்று. செம்மையாகச் செய்யும் கொத்தர் பலர் உளர். ஆயினும், இரண்டாம் அடுக்குச் சரளை இடிக்கப்பட்டதோ இல்லையோ என்பதைத் தளம் முடிந்தபின் எவரும் காணவியலாது. கைசோர்ந்த வேளையிலும் அதனை இடிக்கத் தூண்டுவது, அதன்மேல் நடக்கப்போகும் முதியோரின் நினைவே. ஆதலின் தளம் பாவ எண்ணுவோர், தாமே பாவினும் பிறரைக்கொண்டு பாவினும், கல்லின் அழகை ஆராயுமுன் அதன் அடியில் இடப்படுவது யாதென ஆராய்வாராக.