ஐந்தாம் இடமும் உன் நேரமும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாமா எழுதுகிறேன். மாவட்டப் போட்டியில் 200 மீட்டரில் ஐந்தாவதாக வந்தாய் என்றும், இனி கிரவுண்டுப் பக்கமே போகமாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறாய் என்றும் உன் அம்மா போனில் சொன்னாள். எத்தனை விநாடியில் ஓடினாய் என்று கேட்டேன். பக்கத்தில் இருந்த உனக்கே தெரியவில்லை. எனக்கு வருத்தம் அதில்தான்.

இடம் பாதி அடுத்தவர் கையில் இருக்கிறது. அன்று யார் வந்தார்கள், யாருக்குக் காய்ச்சல் என்பதெல்லாம் அதற்குள் வந்துவிடும். நேரம் உன்னுடையது. 1984இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பி.டி.உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தில் விநாடியின் நூறில் ஒரு பங்கில் வெண்கலத்தை விட்டார். நாலாம் இடம் என்று ஊரே அழுதது. அவர் ஓடிய 55.42 விநாடிதான் 39 ஆண்டுகள் தேசிய சாதனையாக நின்றது. 2023 ஹாங்சோ ஆசியப் போட்டியில்தான் நம் கோயம்புத்தூர் வித்யா ராம்ராஜ் அதைத் தொட்டார். அவரும் அதே 55.42. உஷாவும் லாஸ் ஏஞ்சல்ஸோடு நின்றுவிடவில்லை. இரண்டே வருடத்தில் சியோல் ஆசியப் போட்டியில் நாலு தங்கம், ஒரு வெள்ளி வாங்கினார்.

நம் ஊர் ரேவதி வீரமணியை உனக்குத் தெரியும். மதுரைக்குக் கிழக்கே சக்கிமங்கலத்துப் பெண். சின்ன வயதிலேயே அப்பா, அம்மா இருவரையும் இழந்தவர். பாட்டி ஆரம்மாள் வயல் வேலைக்கும் செங்கல் சூளைக்கும் போய் ரேவதியையும் தங்கையையும் வளர்த்தார். பள்ளிப் போட்டி ஒன்றில் வெறுங்காலோடு ஓடியவரைப் பயிற்சியாளர் கண்ணன் கவனித்தார். அவர் வந்து கேட்டபோது பாட்டிக்கு முதலில் சம்மதமில்லை. ஊரிலிருந்து ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்குத் தினம் பஸ்ஸில் வந்து போக நாற்பது ரூபாய் வேண்டும், அதற்கு வழியில்லை. கண்ணன் பேசிப் பேசிப் பாட்டியைச் சம்மதிக்க வைத்தார், லேடி டோக் கல்லூரியில் இடமும் விடுதியும் ஏற்பாடு செய்தார். பஸ் பிரச்சினை தீர்ந்தது.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் மனவுறுதி, மனவுறுதி என்பார்கள். அந்தப் பெண்ணுக்கு உறுதி முன்பும் இருந்தது. குறுக்கே நின்றது நாற்பது ரூபாய். ஆகவே உனக்கு எது குறுக்கே நிற்கிறது என்று வாய்விட்டுச் சொல். ஷூவா, சாப்பாடா, ட்யூஷன் நேரமா? சொன்னால்தான் எங்களுக்குத் தெரியும்.

2016இல் கோவையில் நடந்த தேசிய ஜூனியர் போட்டியில் ரேவதி ஷூ போட்டு ஓடி 100, 200 இரண்டிலும் தங்கம் வாங்கினார். ஜெயித்த ஓட்டத்தை யாராவது விடுவார்களா? பாட்டியாலா தேசிய முகாமுக்குப் போனதும் அங்கிருந்த பயிற்சியாளர் கலினா புகாரினா அவரை 400க்கு மாற்றினார். அது வேறு ஓட்டம். முந்நூறு மீட்டர் தாண்டியதும் தொடை கல்லாகக் கனக்கும், கை ஆடாது. கடைசி நூறில் யாரும் வேகம் கூட்டுவதில்லை. வேகம் குறைவாகக் குறைகிறவர் முன்னே வருகிறார், அவ்வளவுதான். 2021 சீசன் தொடங்கியபோது ரேவதிக்குக் காயம், முதல் சில போட்டிகள் போயின. ஜூலை 4 அன்று பாட்டியாலாவில் நடந்த தேர்வு ஓட்டத்தில் 53.55 விநாடியில் முதலாவதாக வந்து டோக்கியோ ஒலிம்பிக்குக்குப் போனார்.

டோக்கியோவில் என்ன ஆனது? ஜூலை 30, கலப்பு 4x400 தொடர் ஓட்டம். முகமது அனஸ், ரேவதி, சுபா வெங்கடேசன், ஆரோக்கிய ராஜீவ். தங்கள் சுற்றில் எட்டாவது, அதாவது கடைசி. 3 நிமிடம் 19.93 விநாடி. இரண்டு வருடம் முன்பு தோஹா உலகப் போட்டியில் இந்திய அணி ஓடியதைவிட நாலு விநாடிக்கு மேல் அதிகம். பார், நேரம் ஆறுதல் மட்டும் சொல்வதில்லை, குறையையும் மூஞ்சிக்கு நேரே சொல்லிவிடும். அதனாலேயே அதை நான் நம்புகிறேன்.

இதற்குப் பிறகு நடந்ததைப் பலர் மறந்துவிட்டார்கள். அதே அனஸும் லால்குடிப் பக்கத்து ராஜீவும் ஒரு வாரம் கழித்து, ஆகஸ்ட் 6 அன்று, ஆண்கள் தொடர் ஓட்டத்துக்கு நின்றார்கள். நோவா நிர்மல் டாம், அமோஜ் ஜேக்கப் கூட ஓடினார்கள். 3:00.25, ஆசிய சாதனை. ஆனால் இறுதிச் சுற்றில் எட்டு அணிக்குத்தான் இடம், இவர்கள் ஒன்பதாவது. சாதனையும் வெளியேற்றமும் ஒரே ஓட்டத்தில்! 2023இல் புடாபெஸ்ட் உலகப் போட்டியில் அனஸ் இருந்த அணி 2:59.05 ஓடி இறுதிச் சுற்றுக்குள் போனது. கடைசிச் சுற்றை ஓடியவர் தமிழ்நாட்டுப் பையன் ராஜேஷ் ரமேஷ்.

நம் மதுரை ஜெர்லின் அனிகாவும் அப்படித்தான். 2017இல் துருக்கியில் நடந்த காதுகேளாதோர் ஒலிம்பிக்கிலிருந்து பதக்கமில்லாமல் வந்த சின்னப் பெண், 2022 மே மாதம் பிரேசிலில் பேட்மிண்டனில் மூன்று தங்கம் வாங்கினார்.

இனி வேலையைச் சொல்கிறேன். ஒரு நோட்டு போடு. ஓடிய தூரம், நேரம், முந்தின ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினாய், காலையில் என்ன சாப்பிட்டாய், எந்த இடத்தில் கால் தளர்ந்தது என்று எழுது. மாஸ்டர் கை ஸ்டாப்வாட்சில் எடுக்கும் நேரம் மின்னணு நேரத்தைவிடக் கால் விநாடி அளவு நன்றாகவே காட்டும். அதை நம்பி ஏமாறாதே. அம்மாவோடு போய் ரத்தத்தில் ஹீமோகுளோபின் பார்த்துவிடு. இந்த வயதுப் பெண்களுக்கு அது குறைந்திருந்தால் எவ்வளவு பயிற்சி செய்தாலும் மூச்சு வாங்கும், சோம்பேறி என்று திட்டுதான் கிடைக்கும்.

இன்னொன்று. 200இல் உனக்குப் பின்பாதி நன்றாக இருக்கிறது என்று எனக்கு ஒரு சந்தேகம். மாஸ்டரிடம் சொல்லி ஒரு தடவை 400 ஓடிப் பார். சரிப்படவில்லை என்றால் திரும்ப 200க்கே வந்துவிடலாம். பஸ் செலவை நானும் உன் அம்மாவும் பார்த்துக்கொள்கிறோம், அந்தக் கணக்கில் நீ தலையிடாதே.

அன்புடன்,
மாமா